16,500 ரூபாய் ஸ்பீக்கர் கேபிளா, 1,520 ரூபாய் வயரா? வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்

வழக்கமா நம்ம சேனல்ல எஃப்.டி., இன்சூரன்ஸ், வரின்னு பேசுவோம். இன்னைக்குப் பேசப்போறது ஒரு வயரைப் பத்தி. சி.ஏ.வுக்கும் வயருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. பணம் கசியுற இடம் எல்லாமே நம்ம சப்ஜெக்ட்தான்.

என் சித்தப்பா பையன் ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கிறான். நாகரசம்பட்டியில் புதுசா வீடு கட்டினதும், ஹாலுக்கு ஆம்ப்ளிஃபையரும் ரெண்டு ஸ்பீக்கரும் வாங்க பெங்களூருக்குப் போனான். கொட்டேஷனை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினான். கடைசி வரி இது: ஸ்பீக்கர் கேபிள், 5 மீட்டர் ஜோடி, ரூ.16,500. நோ காஸ்ட் இ.எம்.ஐ., 6 மாசம்.

"அண்ணா, மாசம் 2,750தானே? நல்ல ஸ்பீக்கருக்குச் சாதா வயர் போட்டா சவுண்ட் செத்துடும்னு சொல்றாங்க. வாங்கிடவா?"

"இருடா தம்பி, ஞாயித்துக்கிழமை வரேன்"னு சொன்னேன்.

முதல்ல, வயர் என்ன வேலை செய்யுது?

ஆம்ப்ளிஃபையர்ல இருந்து வர்ற கரன்ட்டை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். வீட்டு தூரத்துக்கு அதில் முக்கியமா பார்க்க வேண்டியது ரெசிஸ்டன்ஸ், அதாவது வழியில் எவ்வளவு தடை என்பது. வாங்குற பொருள் நிஜமான காப்பரா இருந்தா, அந்தத் தடையை முடிவு செய்வது தடிமனும் நீளமும்தான். விலைச் சீட்டு இல்லை.

5 மீட்டர் தூரம்னா போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர். ஸ்பீக்கர் 8 ஓம்னு வெச்சுக்கோங்க. வயரே இல்லாம நேரா இணைச்சா கிடைக்கும் பவரை 100 என்று எடுத்துக்கிட்டா, ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது இவ்வளவு:

- 0.75 ஸ்கொயர் வயர்: தடை 0.26 ஓம். சேருவது சுமார் 94
- 1.5 ஸ்கொயர்: 0.13 ஓம். சுமார் 97
- 2.5 ஸ்கொயர்: 0.08 ஓம். சுமார் 98

2.5 ஸ்கொயர்ல ஏற்படும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழ். சாதாரணமா பாட்டு கேட்கும்போது 1 டெசிபல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே கஷ்டப்படுவோம். அப்போ 16,500 ரூபாய் கேபிள் மேற்கொண்டு மீட்டுக் கொடுக்க இங்கே என்ன மிச்சம் இருக்கு?

"ஆக்சிஜன் இல்லாத காப்பர்" சமாச்சாரம்

கரன்ட் கடத்துறதுல நல்ல எலக்ட்ரிகல் காப்பருக்கும் ஆக்சிஜன் நீக்கின காப்பருக்கும் வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். வெள்ளி காப்பரைவிட சுமார் 6 சதவீதம் மேல். அந்த 6 சதவீதத்தைக் கொஞ்சம் தடிமனான காப்பரே ஈடு கட்டிடும்.

இது உலகம் பூரா நடந்த சண்டை. 2007ல் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளையும் சாதாரண கேபிளையும் பார்க்காம, காதால் மட்டும் பிரிச்சுச் சொன்னா பத்து லட்சம் டாலர் பரிசு. பேச்சு நிறைய நடந்தது, சோதனை நடக்கவே இல்லை. மெக்கின்டோஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர்களை உருவாக்கிய ரோஜர் ரஸல் ஒரு எளிய விதி சொன்னார்: வயரின் மொத்தத் தடை, ஸ்பீக்கர் ஓம்ஸ்ல 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

அந்த விதிப்படி 1.5 ஸ்கொயர், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் வரை போதும். 2.5 ஸ்கொயர் 25 மீட்டர் வரை. 4 ஓம் ஸ்பீக்கர்னா இந்த தூரத்தைப் பாதியாக்கிக்கோங்க.

நாங்க செஞ்ச கேபிள்

- 2.5 ஸ்கொயர் டூ கோர் காப்பர் வயர், 10 மீட்டர்: ரூ.1,000
- பனானா பின் 8: ரூ.480
- ஸ்லீவ்: ரூ.40
- மொத்தம்: ரூ.1,520

வயரை போச்சம்பள்ளியில் எலக்ட்ரிகல் கடையில் எடுத்தோம். பின் மட்டும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில். ஒரு மணி நேர வேலை.

பிறகு டெஸ்ட். தம்பியோட வேலை செய்யும் நண்பர்கிட்ட விலை கூடின கேபிள் ஒன்று இருந்தது, அதைக் கேட்டு வாங்கினோம். தம்பியைத் திரும்பி உட்கார வெச்சு, அதே பாட்டு, அதே வால்யூம், நாணயம் சுண்டிப் போட்டு விழுந்தபடி கேபிளை மாத்தினேன். 10 தடவையில் அவன் சரியாச் சொன்னது 6. குருட்டாம்போக்கில் சொன்னாலே 5 வரும். 9 வந்திருந்தா நான் யோசிச்சிருப்பேன், ஏன்னா அது தற்செயலா வர வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணுதான். ஒரு வீட்டு டெஸ்ட் அறிவியல் நிரூபணம் ஆகாது. ஆனா உங்க காசு, உங்க காது. நீங்களும் செஞ்சு பாருங்க.

எங்கே மலிவு நம்மளை ஏமாத்தும்?

ஒண்ணு, சி.சி.ஏ. வயர். வெளியே காப்பர் பூச்சு, உள்ளே அலுமினியம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையா இருந்தா வேண்டாம். அதே தடைக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடிமன் வேணும். "100 மீட்டர் ஆஃபர்"னா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

ரெண்டு, தூரம். திருவிழா, தெருக்கூத்துக்கு சவுண்ட் சர்வீஸ் நடத்துறவங்க கவனிங்க. 4 ஓம் ஸ்பீக்கர், 30 மீட்டர் தூரம், 0.75 வயர்னா ஸ்பீக்கருக்குச் சேர வேண்டிய பவரில் கிட்டத்தட்ட பாதி போயிடும். அங்கே தடிமனான வயருக்குச் செலவழிப்பது வீண் இல்லை, முதலீடு. கோயில் கூம்பு ஸ்பீக்கர்களை 100 வோல்ட் லைன்ல ஓட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். வோல்டேஜ் கூடினா கரன்ட் குறையும், வயர் இழப்பும் குறையும்.

மூணு, பாதுகாப்பு. ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணிட்டு இணைங்க. ஒரு இழை வெளியே நீட்டி அடுத்த முனையைத் தொட்டா ஆம்ப்ளிஃபையர் போயிடலாம். ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் சிவப்பு, கருப்பு மாறினா பேஸ் குறையும். பனானா பின்னைக் குழந்தைங்க சுவர் பிளக்கில் செருகிடாம பாருங்க.

இப்ப நம்ம பாஷையில்

மிச்சம் ரூ.14,980. இதை 7 சதவீத வட்டியில் 10 வருஷம் விட்டா, வரிக்கு முன்னாடி ஏறத்தாழ ரூ.29,500. "நோ காஸ்ட்"னு சொன்னாலும், கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் வரலாம். அதைக் கேட்காம கையெழுத்துப் போடாதீங்க.

விலை கூடின கேபிள் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. பார்க்க அழகா இருக்கும், பின் உறுதியா இருக்கும், கழட்டி மாட்டினாலும் உழைக்கும். அதுக்காகன்னு தெரிஞ்சே வாங்கினா அது உங்க விருப்பம். சத்தம் கூடும்னு நம்பிக் கடன்ல வாங்காதீங்க, அவ்வளவுதான்.

தம்பி மிச்சப் பணத்தில் 3,000 ரூபாய்க்கு ஹாலுக்குக் கனமான திரைச்சீலையும் ஒரு தரைவிரிப்பும் போட்டான். வெறும் சுவரும் டைல்ஸும் இருந்த ஹால்ல எதிரொலி அடங்கினது, கேபிள் டெஸ்ட்ல தோத்த அதே காதுக்கு உடனே தெரிஞ்சது. பாக்கி 11,980 அவனோட எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போச்சு.

அடுத்த தடவை கொட்டேஷன் கைக்கு வந்தா, கடைசி வரியில இருந்து மேலே படிச்சுப் பாருங்க. லாபம் அதிகமா ஒளிஞ்சிருக்கிற இடம் பெரும்பாலும் அங்கேதான்.