மாரியில் ஆடு காத்தல்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இரண்டு மறியாடுகள் இருந்தால் அதுவே கையிருப்பு. பிள்ளையின் கொப்பிக்கும் அவசர மருந்துக்கும் அதுதான் கைகொடுக்கும். மாரிகாலத்தில் அந்தக் கையிருப்பைக் குடற்புழு தின்றுவிடுகிறது.

ஈரப் புல்லில் குஞ்சுப் புழுக்கள் மேலே ஏறி நிற்கும். ஆகையால் விடிந்ததும் ஆட்டை அவிழ்க்காமல், புல் காய்ந்தபின் மேய விடுவோம். அதுவரை பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவைக் குழைகளைக் கட்டித் தொங்கவிடலாம். நிலத்தில் போட்டு மிதிபட்ட குழையை ஆடு தின்னாது. சுத்தத்தில் அது நம்மை விடக் கண்டிப்பு! சீமைக்கிளுவையை முகர்ந்துவிட்டு விலகினால், சற்று வாடவிட்டுக் கொடுத்துப் பழக்குவோம்.

இந்த நேரத்தில் கொட்டிலைக் கூட்டி, தண்ணீரை மாற்றி, ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பார்க்க வேண்டும். உட்புறம் சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் புழு இரத்தம் குடிக்கிறது என்று எண்ண வேண்டும். தாடையின் கீழ் வீங்கும்வரை காத்திராமல் மிருக வைத்தியரிடம் காட்டுவோம். சுகமான ஆடுகளுக்கும் அடிக்கடி பூச்சிமருந்து பருக்குவது வீண்செலவு. நாளடைவில் மருந்தும் பலிக்காது போகும்.

கொட்டிலின் தளத்தைப் பனஞ்சிலாகையால், புழுக்கை கீழே விழும்படி இடைவெளி விட்டு, இரண்டு மூன்று அடி உயர்த்துவது நல்லது. தறப்பாள் கொட்டகையில் இருப்போர் காய்ந்த மணல் பரப்பி அடிக்கடி மாற்றலாம். கூட்டிய எருவை மேய்ச்சல் தரையில் வீசாமல் குவித்து மக்கவிட்டால் கத்தரிக்கு ஆகும்.