எங்கள் கொல்லையில் ஒரு கூடைப்பந்து வளையம்

1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்து விளிம்பில் இரண்டு பழக்கூடைகளை மாட்டினார். கூடைப்பந்து அவ்வாறு பிறந்தது. அந்த விளிம்பின் உயரம் 10 அடி. இன்றும் வளையத்தின் உயரம் அதுவே. அதாவது 305 செ.மீ.

இதை அறியாமல், சென்ற கோடை விடுமுறையில் அக்காள் தங்கையாகிய நாங்கள் திருமங்கலத்தை அடுத்த எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தில் எட்டடி உயரத்தில் ஒரு வளையத்தைக் கட்டிப் பயின்றோம். எறிந்த பந்தெல்லாம் விழுந்தது. பள்ளி திறந்து அணித் தேர்வு நடந்தபோதோ ஒரு பந்தும் வளையத்தை எட்டவில்லை! எங்கள் இருவர் பெயரும் பட்டியலில் இல்லை. “கை தவறான உயரத்தைப் பழகிவிட்டது. அளவோடு செய்யுங்கள்” என்றார் ஆசிரியை.

அப்படியே செய்தோம். வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ. அதை 3.14ஆல் பெருக்கி, 16 மி.மீ. கம்பியை 141 செ.மீ. நீளத்தில் வெட்டச் சொன்னோம். பட்டறை மாமா சிரித்தார். கம்பிக்கும் பருமன் உண்டல்லவா? ஆகவே அதன் நடுக்கோட்டைக் கணக்கிட வேண்டும்: 45 + 1.6 = 46.6 செ.மீ. அதை 3.14ஆல் பெருக்கினால் சுமார் 146 செ.மீ. கணக்குப் புத்தகத்தில் படித்த வட்டத்தின் சுற்றளவு அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

முழு அளவுப் பலகை 180 செ.மீ. அகலமும் 105 செ.மீ. உயரமும் உடையது. வீட்டுக்கு 120க்கு 90 போதும். பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 290 செ.மீ., வளையம் அதற்கு மேல் 15 செ.மீ. என வைத்தோம்.

எங்கள் ஊர் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். எனவே 15 அடி இரும்புக் குழாயில் மூன்றடியை மண்ணுக்குள் இறக்கி, சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு எனக் கலந்து நிரப்பினோம். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தோம். ஏழு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகே பலகையை ஏற்றினோம்.

“பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பந்து எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தாவிடம், 1892லேயே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை கல்லூரிப் பெண்களுக்கு இவ்விளையாட்டைக் கற்பித்ததையும், இந்திய அணித் தலைவியாக இருந்த நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றதையும் சொன்னோம். அப்பத்தா பதில் பேசவில்லை. மறுநாள் நைலான் கயிறு வாங்கிவரச் சொல்லி, உறி பின்னுவதுபோல் வலை பின்னித் தந்தார்!

பலகையிலிருந்து 4.6 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, தினமும் ஆளுக்கு 50 முறை எறிந்தோம். அடுத்த தேர்வில் எங்களில் ஒருத்திக்கு அணியில் இடம் கிடைத்தது. மற்றவள் மாற்று ஆட்டக்காரி.

தோழியரே, எட்டடி வளையம் எங்களை மகிழ்வித்தது. பத்தடி வளையமே எங்களை வளர்த்தது. நீங்களும் முதலில் அளவு நாடாவை எடுங்கள். பந்தைப் பிறகு எடுக்கலாம்.