விதைப் பித்தர்கள் கேட்கிறார்கள்

கே: தேங்காய்க்குள் விளைந்த முத்து என்று ஒருவர் காட்டினார். பெரிய விலை சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

ப: காங்கேயம் கொப்பரைக் களங்களில் பொழுது விடிந்தால் ஆயிரக்கணக்கில் காய் உடைகிறது. அங்கே யாரும் முத்துக் கடை வைக்கவில்லை.

கே: என் ருத்ராட்சம் தண்ணீரில் மூழ்குகிறது. இரண்டு செப்புக் காசுகளுக்கு நடுவே வைத்தால் சுழல்கிறது. அசல் ஏகமுகம் என்று நம்பலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

ப: நன்றாகக் காய்ந்த அசல் மணியும் மிதக்கலாம், ஈயம் அடைத்த போலியும் மூழ்கும். மேடுபள்ளமான எந்த உருண்டையையும் காசுகளுக்கு நடுவே அழுத்தினால் திரும்பத்தான் செய்யும். மணியின் மேல் எத்தனை கோடோ, உள்ளே அத்தனை அறை. எக்ஸ்ரே எடுத்து எண்ணிவிடலாம். மரத்தில் அதிகம் காய்ப்பது ஐந்து முகம். ஏகமுகத்துக்குத் தனி விலை என்றதும் மீதி நான்கு கோட்டைப் பிசின் வைத்து அடைக்கிற கைகளும் வந்துவிட்டன. கும்பிடுவதற்கு ஐந்து முகம் போதாதா?

கே: செஷல்ஸிலிருந்து மாமா கடல் தேங்காய் கொண்டு வருகிறார். மாடித் தொட்டியில் முளைக்க வைக்கலாமா? மிதக்கிற காய்தான் நல்லது என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

ப: மறுபடியும் தண்ணீர்ச் சோதனையா! உயிருள்ள கடல் தேங்காய் கல் மாதிரி மூழ்கும். உள்ளே அழுகி, வெற்று ஓடான பிறகே மிதக்கும். அப்படி மிதந்தவைதான் மாலத்தீவில் ஒதுங்கின. மரம் எங்கே என்று தெரியாததால் கடலடியில் காய்க்கிறது என்றார்கள். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அதிலொன்றுக்கு வெள்ளிப் பூண் கட்டிக் குடுவையாக்கிக்கொண்டார். 1768-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஷல்ஸின் பிரஸ்லின் தீவில் மரத்தையே பார்த்துவிட்டார்கள். அந்தத் தீவும் பக்கத்துக் கியூரியஸ் தீவும்தான் மரத்துக்குச் சொந்த ஊர். நம் பனைக்கு உறவு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற ஆறேழு வருடம். கொட்டை 15 கிலோவையும் தாண்டும். கொல்கத்தா தாவரவியல் பூங்காவில் 1894-ல் நட்ட பெண் மரத்துக்குத் துணையில்லாமல், தாய்லாந்திலிருந்து மகரந்தம் வரவழைத்துத் தூவினார்கள். நீங்கள் மாடித் தொட்டி என்கிறீர்கள்!

மாமா கடையில் வாங்குவது பருப்பைத் தோண்டியெடுத்த ஓடாகத்தான் இருக்கும். அது முளைக்காது. அரசு முத்திரையும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் வந்தால் அது திருட்டுக் காய். அதன் படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம்.

கே: பேத்திக்குக் குன்றிமணி மாலை கோக்கிறேன். ஊசி இறங்கவில்லை. ஊறப் போடலாமா?
– வாசகி, மன்னார்குடி

ப: உடனே நிறுத்துங்கள். அந்தக் கெட்டித் தோல்தான் விஷத்தை உள்ளே வைத்திருக்கிறது. ஊறினாலும் துளைத்தாலும் ஆபத்து. அப்ரின் என்ற அந்த விஷம் ஆளைக் கொல்லும். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதோடு சரி. பேத்திக்கு மஞ்சாடி கோத்துக் கொடுங்கள். வாயில் போடும் வயதென்றால் அதுவும் வேண்டாம்.

கே: மூங்கிலை ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலக்கிறது. வெட்டலாமா?
– வாசகர், குற்றாலம்

ப: மூங்கிலுப்பாக இருக்கலாம். கணுக்களுக்கு நடுவே தேங்கிய சாறு வற்றி இறுகிய சிலிக்கா. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். 1791-ல் லண்டனில் இதைச் சோதித்து எழுதியவர் ஜேம்ஸ் மேசி. பிற்பாடு ஸ்மித்சன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவர் எழுதிவைத்த சொத்தில் எழுந்தது. வெட்டலாம். ஆனால் மூங்கில் உங்களுடையதுதானா என்று நீங்கள் எழுதவே இல்லையே?