மறைந்தவை மீளும்

நுழையும் முன்

நிழற்படத் தொகுப்புகளும் பழைய கடிதங்களும் இருந்த இடத்தில் இன்று பல வீடுகளில் வெளி வன்தட்டு இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பல ஆண்டு நினைவுகள் உள்ளங்கை அளவுள்ள அப்பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. அது திடீரெனத் திறக்க மறுத்தால், உள்ளே இருந்தவை அழிந்துவிட்டன என்று பொருளா? இப்பாடம் அதற்கு விடை கூறுகிறது.

தவறிய இணைப்பு

தமிழ்நாட்டை விட்டு வடமாநில நகரம் ஒன்றில் வாழும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அவ்வீட்டுச் சிறுமி, தன் அப்பத்தா சொல்லும் கதைகளைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தாள். அவை அனைத்தையும் ஒரு வெளி வன்தட்டில் சேர்த்து வைத்தாள். அப்பத்தா இப்பொழுது உயிருடன் இல்லை. அவர் குரல் மட்டுமே அந்த வன்தட்டில் இருக்கிறது.

ஒருநாள் வன்தட்டில் கோப்புகள் பதிவாகிக்கொண்டிருந்தபோதே அவளுடைய தம்பி இணைப்புக் கம்பியை உருவிவிட்டான். மீண்டும் இணைத்தபோது கோப்புகள் எவையும் தோன்றவில்லை. வன்தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் அதனை வடிவமைக்க வேண்டும் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் தோன்றியது. சிறுமியின் விரல் 'ஆம்' என்னும் கட்டத்தை நோக்கி நகர்ந்தது.

"அவசரப்படாதே, பாப்பா. 'வேண்டாம்' என்பதை அழுத்து. அப்பத்தாவின் குரல் இன்னும் உள்ளேதான் இருக்கும்" என்றார் தந்தை.

தந்தை கூறியது வெறும் ஆறுதல் மொழி அன்று. அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு.

வன்தட்டு எழுதும் முறை

முதல் வன்தட்டினை ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. அதில் 50 பெரிய தகடுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. அளவு மாறினும் அடிப்படை முறை இன்றும் மாறவில்லை. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்யப்பட்ட வட்டத் தகட்டின் மீது மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். வெளி வன்தட்டுகள் பலவற்றில் அத்தகடு நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். படிக்கும் முனை தகட்டினைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் மிதந்து செல்லும். அம்முனை காந்தப் படலத்தில் ஏற்படுத்தும் மாற்றங்களே தரவுகளாகப் பதிகின்றன.

பட்டியல் வேறு, பொருள் வேறு

பெரிய நூலகம் ஒன்றில் எந்த நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதைக் காட்டும் நூற்பட்டியல் இருக்கும். அப்பட்டியல் நீரில் நனைந்து அழிந்துவிட்டால், நூல்களைத் தேடி எடுக்க இயலாது. ஆயினும் நூல்கள் அடுக்குகளிலேயே இருக்கும்.

வன்தட்டிலும் இத்தகைய பட்டியல் உண்டு. அதனைக் கோப்பு முறைமை என்பர். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், பெரும்பாலும் சிதைவது இப்பட்டியலே ஆகும். கணினி பட்டியலைப் படிக்க இயலாமல், வன்தட்டு வெறுமையாக இருப்பதாகக் கருதுகிறது. அதனால் புதிய பட்டியல் எழுத அனுமதி கேட்கிறது. அதுவே 'வடிவமைத்தல்' என்னும் கேள்வி. அதற்கு 'ஆம்' என்றால், பழைய பட்டியலின் எஞ்சிய பகுதியும் மறையக்கூடும். முழுமையான வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தரவுகளே அழியக்கூடும்.

மீட்கும் படிநிலைகள்

1. வன்தட்டில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. பழைய தரவு இருந்த இடத்தில் புதியது பதிந்துவிட்டால் பழையது மீளாது.

2. வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஒலி வந்தாலோ, அது கீழே விழுந்திருந்தாலோ உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பழுதடைந்த முனை தகட்டினைக் கீறக்கூடும். அதனைத் தூசியற்ற அறையில் வல்லுநர்களே திறக்க வேண்டும். வீட்டில் திறந்து பார்த்தல் தவறு.

3. ஒலி எதுவும் இல்லையெனில், முதலில் வன்தட்டு முழுவதையும் உள்ளது உள்ளவாறே வேறொரு பெரிய வன்தட்டில் படியெடுக்க வேண்டும். பின்பு செய்யும் தேடல் அனைத்தையும் அப்படியின் மீதே செய்தல் வேண்டும். மூலம் தொடப்படாமல் இருந்தால், ஒருமுறை தவறினும் மறுமுறை முயலலாம்.

4. பின்னர் மீட்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். டெஸ்ட்டிஸ்க் என்பது சிதைந்த பட்டியலைச் சீர்செய்ய உதவும் கட்டற்ற மென்பொருள். பட்டியல் சீராகவில்லையெனில் போட்டோரெக் என்னும் மென்பொருள் பட்டியலைப் பொருட்படுத்தாமல் கோப்புகளையே நேரடியாகத் தேடும்.

பட்டியல் இல்லாமல் கோப்பினை எவ்வாறு அறிய இயலும்? கலைந்து கிடக்கும் கடிதத் தாள்களில் 'அன்புள்ள' என்று தொடங்கும் தாளினைக் கண்டால், அங்கு ஒரு கடிதம் தொடங்குகிறது என அறியலாம். அதுபோலவே படம், ஒலி முதலிய கோப்பு வகைகள் பலவற்றிற்கும் தனித்த தொடக்கக் குறியீடு உண்டு. மென்பொருள் அக்குறியீடுகளைத் தேடிக் கோப்புகளை மீட்கிறது. ஆனால் கோப்பின் பெயர் பட்டியலில் மட்டுமே இருந்ததால், பெயர் மீளாது.

இம்முறைகள் சுழலும் தகடுடைய வன்தட்டுகளுக்கே பெரிதும் பொருந்தும். தகடில்லாத திண்மநிலைச் சேமிப்பான்களில் நீக்கப்பட்ட தரவுகள் விரைவில் முற்றிலும் துடைக்கப்பட்டுவிடக்கூடும்.

வானிலிருந்து விழுந்த வன்தட்டு

2003 பிப்ரவரி 1 அன்று, கொலம்பியா விண்ணோடம் புவிக்குத் திரும்பும்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற்கு மேலே சிதறியது. அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். அவ்விண்ணோடத்தில் செனான் என்னும் வளிமம் பற்றிய ஆய்வொன்று நடந்திருந்தது. முடிவுகளில் ஒரு பகுதி பயணத்தின்போதே புவிக்கு அனுப்பப்பட்டிருந்தது. எஞ்சியவை ஒரு வன்தட்டில் இருந்தன.

சில மாதங்களுக்குப் பின், வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் அவ்வன்தட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் மின்சுற்றுப் பலகை கருகியிருந்தது. உள்ளே மண் துகள்கள் புகுந்திருந்தன. மீட்பு வல்லுநர்கள் தகடுகளைத் தூய்மை செய்து வேறொரு வன்தட்டில் பொருத்திப் படித்தனர். ஏறத்தாழ 99 விழுக்காடு தரவு மீண்டது. பழைய டாஸ் இயங்குதளம் தரவுகளைச் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதியிருந்ததும், பழுதடைந்த பகுதிகளில் தரவு இல்லாமல் இருந்ததும் இதற்குக் காரணங்கள். ஆய்வின் முடிவுகள் 2008ஆம் ஆண்டு வெளியாயின. உயிர்களை மீட்க இயலவில்லை. அவர்கள் செய்து முடித்த பணி மட்டும் மீண்டது.

எனினும் அவ்விண்ணோடத்தில் இருந்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து எதையும் மீட்க இயலவில்லை. ஆகவே மீட்பு என்பது எப்பொழுதும் உறுதியன்று.

படியெடுத்தலே காவல்

பனையோலைச் சுவடிகள் நாளடைவில் சிதையக்கூடியவை. முன்னோர் அவற்றைப் புதிய ஓலைகளில் மீண்டும் மீண்டும் படியெடுத்ததாலேயே பழந்தமிழ் நூல்கள் பல நிலைத்தன. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் தெளிந்தார். ஒரே ஒரு சிதைந்த படி மட்டும் இருந்திருந்தால் அவ்வாறு ஒப்புநோக்க இயன்றிராது.

தரவுகளுக்கும் இதுவே வழி. முதன்மையான கோப்புகளுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பான்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒரு படியேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும்.

அச்சிறுமியின் வன்தட்டில் ஐயமூட்டும் ஒலி எதுவும் இல்லை. தந்தை இரவு முழுவதும் படியெடுத்தார். பட்டியல் சீராகவில்லை. மறுநாள் போட்டோரெக் மென்பொருள் ஒலிப்பதிவுகளை மீட்டது. ஒன்று மட்டும் பாதியில் நின்றுபோனது. மற்றவற்றிற்கும் பெயர்கள் இல்லை, எண்களே இருந்தன. எனவே சிறுமி ஒவ்வொன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டாள். அப்பத்தா சொன்ன கதைகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டாள். பின்பு மூன்று படிகள் எடுத்தாள். அவற்றுள் ஒன்றை ஊரில் உள்ள அத்தைக்கு அனுப்பி வைத்தாள்.

சொற்பொருள்

தரவு – கணினியில் பதியப்படும் செய்தி
சிதைவு – கெட்டுப்போதல்
வளிமம் – வாயு
சுவடி – ஓலையில் எழுதப்பட்ட நூல்
ஒப்புநோக்குதல் – ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தல்

பயிற்சி

1. வன்தட்டினை வடிவமைக்க வேண்டும் எனக் கணினி கேட்பது ஏன்?
2. மூல வன்தட்டில் தேடாமல் படியில் தேடுவதன் பயன் யாது?
3. 'வன்தட்டு' என்பதைப் பிரித்து எழுதுக: வன்மை + ______
4. 'சிதைந்த' என்னும் சொல்லை அமைத்துச் சொந்தத் தொடர் ஒன்று எழுதுக.
5. உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் கதை ஒன்று கேட்டு ஒலிப்பதிவு செய்க. அதற்குத் தமிழில் பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமித்து வைக்க.