சுண்ணாம்பும் அதன் சேர்க்கையும்: இரசாயன முதற் பாடம்

மலையில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல், காளவாயில் சுட்ட கல், நீற்றிய சுண்ணாம்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் வெண்மையாகவே தோன்றும். ஆயினும் இவற்றின் குணங்கள் வெவ்வேறானவை. முதலாவதன்மீது எவ்வளவு நீர் ஊற்றினும் அது வாளாகிடக்கும். இரண்டாவது நீர் பட்டவுடன் கொதித்துப் பொரியும். மூன்றாவது விழுதாயிருந்து சுவரில் நாளடைவில் இறுகும். நிறம் ஒன்றாயிருக்கக் குணம் வேறுபடுவானேன்? அவற்றில் அடங்கிய பொருள்களின் சேர்க்கை வேறாயிருப்பதே காரணமாகும். இதனை அறிந்தவன் தன் பணத்தையும் கண்ணையும், சில வேளைகளில் உயிரையுமே காத்துக்கொள்வான்.

மூலப்பொருளும் கூட்டுப்பொருளும்

இடத்தை அடைத்துக்கொண்டு எடையுடன் இருப்பது எதுவோ அதுவே பொருள் எனப்படும். கல்லும் நீரும் மட்டுமன்றி, கண்ணுக்குப் புலப்படாத காற்றும் பொருளே. அதற்கும் எடை உண்டு. இரசாயன முறையால் வேறு பொருள்களாகப் பிரிக்க இயலாதது மூலப்பொருள். பொன், செம்பு, இரும்பு, கந்தகம், கரி, பிராணவாயு ஆகியவை இவ்வகையின. மூலப்பொருள்கள் ஒரு குறித்த எடை விகிதத்தில் ஒன்றுபட்டுப் புதிய குணத்துடன் விளங்குவது கூட்டுப்பொருள். விகிதமின்றிச் சேர்ந்து, தத்தம் குணத்தை இழவாமல் இருப்பது கலவை. கொற்றன் சுண்ணாம்புடன் மணலை இரண்டு பங்கு சேர்ப்பினும் மூன்று பங்கு சேர்ப்பினும் அது கலவையே. மணல் மணலாகவே இருக்கும்.

சுத்தமான சுண்ணாம்புக் கல் ஒரு கூட்டுப்பொருள். அதன் எடையில் 100 பங்கில் கால்சியம் என்னும் உலோகம் 40 பங்கும், கரி 12 பங்கும், பிராணவாயு 48 பங்கும் உள்ளன. கால்சியம் வெள்ளிபோல் மின்னும் உலோகம், கரி கறுப்பு, பிராணவாயு நிறமற்ற வாயு. இம்மூன்றில் ஒன்றன் குணமேனும் அந்த வெண்கல்லில் காணப்படுவதில்லை. அரியலூர்ப் பக்கத்துக் கல்லாயினும், கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சலாயினும் அவற்றின் பெரும்பகுதி இந்தக் கூட்டுப்பொருளே. ஆதலால் இரண்டையும் சுட்டுச் சுண்ணாம்பு செய்யலாகும்.

காளவாயில் நிகழ்வது

ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் கல் இரண்டாகப் பிரிகிறது. 100 கிலோ சுத்தமான கல்லை முற்றச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே மிஞ்சும். குறைந்த 44 கிலோ அழிந்துபோகவில்லை, கரியமிலவாயுவாகி வெளியேறிற்று. இரண்டையும் சேர்த்து நிறுத்தால் பழைய 100 கிலோ சரியாக இருக்கும்.

நெருப்பின் அம்சம் ஏதோ கல்லினுள் புகுவதனாலேயே சுட்ட சுண்ணாம்பு காரமடைகிறதென முற்காலத்தவர் பலர் எண்ணினர். ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்பவர் கல்லைச் சுடுமுன்னும் சுட்டபின்னும் நிறுத்துப் பார்த்து, ஒன்றும் புகவில்லை, ஒரு வாயு வெளியேறியதே காரணம் என்று 1756-ல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். எனினும் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே 1789-ல் வகுத்த மூலப்பொருள் பட்டியலில் சுண்ணாம்பும் இடம் பெற்றிருந்தது. 1808-ல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தின் உதவியால் அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்தபின், அது மூலப்பொருளன்று என்பது ஐயமற விளங்கிற்று.

நீற்றுதலும் இறுகுதலும்

சுட்ட சுண்ணாம்பு 56 பங்குடன் நீர் 18 பங்கு கூடி, நீற்றிய சுண்ணாம்பு 74 பங்காகிறது. இச்சேர்க்கையில் மிகுந்த வெப்பம் பிறப்பதால் நீரில் ஒரு பகுதி ஆவியாகும். ஆகவே கணக்குக்கு மேற்பட்ட நீர் வேண்டியிருக்கிறது. பூசிய சுவரில் இந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்று, நீரை வெளிவிட்டு, மீண்டும் கல்லாகிறது. காற்றில் 10,000 பங்குக்கு அவ்வாயு 4 பங்கிற்குச் சற்று மேலாகவே உள்ளது. எனவே சுவர் இறுகுவதற்கு நாட்கள் பல செல்லும்.

இம்மாறுதல் மூட்டையிலும் நிகழும் என்பதை வீடு கட்டுவோர் மறக்கலாகாது. சுட்ட சுண்ணாம்பைத் திறந்து போட்டால் அது ஈரத்தையும் கரியமிலவாயுவையும் ஈர்த்து, பிசினற்ற கற்பொடியாகிவிடும். அதனால் கட்டிய சுவர் உதிரும். வாங்குமுன் ஒரு கட்டியை நீரிலிட்டுப் பார்க்க வேண்டும். நல்லதாயின் சூடேறிப் பூரித்து உடையும். காற்றுப்பட்டுக் கெட்டதாயின் சூடேறாது. அதன்மேல் எலுமிச்சம் பழச் சாற்றை விட்டால் நுரைத்துப் பொங்கும். அந்நுரையே கரியமிலவாயு மீண்டும் சேர்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

எச்சரிக்கைகள்

நீற்றும்போது தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, பின்னர்ச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடவேண்டும். சுண்ணாம்புக் குவியல்மேல் சிறிதளவு நீரைத் தெளித்தால் அது வெடித்துக் கண்ணில் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் பட்டுவிட்டால் துகள்களை உடனே அகற்றி, சுத்தமான நீரால் நெடுநேரம் இடைவிடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்லவேண்டும். தாமதித்தால் பார்வையே கெடும்.

குளிருக்காகக் காளவாயின் அருகில் படுத்துறங்குவது உயிருக்கு ஆபத்து. கரியமிலவாயு காற்றைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமுள்ளதாகையால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். விறகும் கரியும் அரைகுறையாய் எரிகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் பிறக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவனை அது எழுப்புவதுமில்லை. காளவாய் வேலையாட்கள் காற்றோட்டமுள்ள மேட்டு நிலத்தில், புகை வீசும் திசைக்கு அப்பால் தங்குவதே தக்கது. கல்லிலிருந்து குறைந்த எடை எங்கே சென்றது என்பதை அறிந்தவன் இதனை ஒருபோதும் மறவான்.