முத்துச்சிப்பித் திசுவுக்குத் தாங்கல் கரைசல்: வெப்பநிலையிலிருந்து தொடங்குங்கள்

தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973-ல் கே. அழகர்சாமியும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். அவர்கள் வளர்த்த அதே பிங்க்டாடா ஃபுகாட்டா சிப்பியின் முத்துப்படலத்திலிருந்து நாக்ரீன் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996-ல் அடையாளம் கண்டார்கள். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் கூறு அதில் இருக்கிறது. முத்து உருவாகும் வேதியியலைத் தொட விரும்பும் மீன்வள மாணவர், சிப்பியின் ஓட்டை ஒட்டிக்கிடக்கும் மேன்டில் திசுவை அரைத்து இத்தகைய நொதிகளை அளப்பார். அதற்கு முதல் தேவை, பிஎச் நிலையாக நிற்கும் ஒரு தாங்கல் கரைசல்.

நம் இலக்கு, கடல்நீரை ஒட்டிய பிஎச் 8.1. பாஸ்பேட் மலிவானது, ஆனால் அதன் பிகேஏ 7.2 அளவில்தான் இருக்கிறது. சிப்பித் திசுவோடு வரும் கால்சியத்தைப் பிடித்து வீழ்படிவாகவும் ஆக்கிவிடும். ட்ரிஸ்ஸின் பிகேஏ 25 டிகிரி செல்சியஸில் 8.06. இலக்குக்கு மிக அருகில் இருப்பதால் ட்ரிஸ்தான் பொருத்தம். அதற்கு ஒரு குணம் உண்டு: வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பிஎச் ஏறக்குறைய 0.028 இறங்கும். எனவே தராசைத் தொடுமுன் ஒரு கேள்விக்கு விடை எழுதி வையுங்கள்: இந்தக் கரைசலை எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறேன்? தூத்துக்குடி ஆய்வகத்தில், குளிர்சாதனம் இல்லாத மேசையில், 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

30 டிகிரியில் பிகேஏ சுமார் 7.92. இலக்கோடு வேறுபாடு 0.18. ஹெண்டர்சன்–ஹாசல்பாக் சமன்பாட்டின்படி காரவடிவம் 1.5 பங்கும் அமிலவடிவம் 1 பங்கும் வேண்டும். 0.05 மோலார் செறிவில் ஒரு லிட்டர் கரைசலில் 50 மில்லிமோல் ட்ரிஸ் இருக்கும். அதில் 20 மில்லிமோலை அமிலவடிவமாக மாற்ற வேண்டும். அதாவது 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி. இந்தக் கணக்கை முன்பே போட்டு வைத்தால், அமிலம் 35 மி.லி. போன பிறகும் பிஎச் இறங்காதபோது எங்கோ பிசகு என்று உடனே தெரியும்.

ட்ரிஸ் காரம் 6.06 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். ட்ரிஸ் ஹைட்ரோகுளோரைடு என்ற புட்டியும் அதே அலமாரியில் இருக்கும், பெயர்ச்சீட்டை இரண்டு முறை படியுங்கள். காரத்தின் மூலக்கூறு எடை 121.14, மற்றதன் எடை 157.6. கடலோர ஆழ்குழாய் நீரில் உப்பு மிகுதி என்பதால் அயனி நீக்கிய நீர் 800 மி.லி.யில் கரையுங்கள். காந்தக் கலக்கியை மெதுவாகச் சுழலவிடுங்கள்.

இதற்கிடையே பிஎச் மீட்டரை 7, 10 ஆகிய இரு திட்டக் கரைசல்களில் சரிபாருங்கள். அந்தப் புட்டிகளில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் உரிய மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும், 30 டிகிரிக்கு உரியதையே பதியுங்கள். பலர் இடறும் இடம் இதுதான். மீட்டரின் தானியங்கி வெப்பத் திருத்தம் மின்முனையின் நடத்தையை மட்டும் திருத்தும். உங்கள் கரைசலின் பிஎச் வெப்பத்தால் உண்மையாகவே மாறுவதை அது ஈடுசெய்யாது.

கையுறை அணிந்து, அமிலம் 18 மி.லி. ஊற்றுங்கள். பிறகு துளித்துளியாக. அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும், ஆகவே கரைசல் 30 டிகிரிக்குத் திரும்பும்வரை காத்திருந்து அளவைப் பாருங்கள். அவசரம் வேண்டாம். இலக்கைத் தாண்டி இறங்கினால் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு மீட்கலாம்தான், ஆனால் தேவையற்ற உப்பு சேர்ந்து அயனிச் செறிவு ஒவ்வொரு முறையும் வேறுபடும். புதிதாகச் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். 8.1 நின்றதும் அளவுக் குடுவையில் 1,000 மி.லி. ஆக்கி, கலக்கி, மீண்டும் அளவிடுங்கள்.

22 டிகிரி குளிர்சாதன அறையில் 8.1 வைத்த கரைசல், வெளி மேசைக்கு வந்தால் 7.9-க்கு இறங்கிவிடும். திசுவைப் பனிக்கட்டியின் மேல் அரைப்பவருக்கு நிலைமை நேரெதிர்: 30 டிகிரியில் 8.1 ஆக்கியது 4 டிகிரியில் 8.8-ஐத் தாண்டும். குளிரில் 8.1 வேண்டுமானால் 30 டிகிரியில் 7.3 முதல் 7.4 வரை அமைத்து, குளிர்ந்தபின் குளிரிலேயே சரிபார்த்த மின்முனையால் உறுதி செய்யுங்கள்.

புட்டியில் "ட்ரிஸ் 0.05 மோலார், பிஎச் 8.1, 30 டிகிரி" என்று வெப்பநிலையோடு எழுதுங்கள், தேதியையும் சேருங்கள். குளிர்பெட்டியில் வைத்ததை எடுத்தால் 30 டிகிரிக்கு வந்த பிறகே பயன்படுத்துங்கள். கலங்கலோ நூல்போன்ற பூஞ்சையோ தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.