பட்டதுதான் படிப்பு

கேள்வி: மனச்சோர்விலிருந்து மீண்டு மூன்று வருடமாகிறது. என்னைப் போல் தவிப்பவர்களுக்குத் துணையாக இருக்கச் சொல்லி டாக்டர் அழைக்கிறார். அதற்கான படிப்பு இல்லையே எனக்கு?
- வாசகி, திருச்சி

பதில்: பட்டதுதான் படிப்பு. இது புது யோசனையும் அல்ல. 1790களில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவைக் கவனித்த பூஸ்ஸன், குணமானவர்களையே பணியாளர்களாக வைத்துக்கொண்டார். கொடுமைப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அவரும் அங்கே கண்டமாலை நோயாளியாக வந்தவர்தான். பெயர் வாங்கியது என்னவோ அந்த மருத்துவமனையின் டாக்டர் பினெல்!

உங்கள் கதையைச் சொல்லலாம், அளவாக. நீங்கள் போவது தவிப்பவரின் கதையைக் கேட்க. ‘நான் இப்படித்தான் மீண்டேன், நீங்களும் செய்யுங்கள்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். புத்தி சொல்ல அவர் வீட்டிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். முடிவு அவருடையது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

கேட்டது உங்களோடு இருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் மட்டும் ரகசியம் காக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொல்வீர்கள் என்பதை முதல் நாளே அவரிடம் தெரிவித்துவிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

உங்களுக்கே மனம் தளரும் நாளில் தயங்காமல் லீவு போடுங்கள்.